மூட்டை சுமக்க மறுத்தவர்

கிரிக்கெட் ஆடத் தெரியாதவர்களுக்கும் அணியில் ஓர் இடம் உண்டு. அதற்கு நானே சாட்சி. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதலாண்டில், மட்டை பிடிக்கவும் வராமல் பந்து வீசவும் வராமல் திடலோரம் நின்றிருந்த என்னிடம் மூத்த மாணவர் ஒருவர் நீளமான ஒரு புத்தகத்தையும் பென்சிலையும் நீட்டி, "தம்பி, நீ ஸ்கோர் எழுது" என்றார். அன்று முதல் எங்கள் விடுதி அணியின் கணக்கப்பிள்ளை நான்தான்.

அந்த வேலை எனக்கு ஓர் உண்மையைக் கற்றுக் கொடுத்தது. திடலில் என்ன நடந்தாலும், புத்தகத்தில் ஏறாவிட்டால் அது நடக்காததற்குச் சமம். ஒருமுறை மழை தூறத் தொடங்கிய அவசரத்தில், நண்பர் ஒருவர் அடித்த நான்கு ஓட்டங்களை எழுத மறந்துவிட்டேன். அவர் 46 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார் என்றே அந்தப் பக்கம் இன்றும் சொல்கிறது. "நான் அரைசதம் அடித்தேன்" என்று அவர் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

தென்னாப்பிரிக்காவின் பழைய கிரிக்கெட் வரலாற்றைப் படித்தபோது ஒரு பெயர் என்னைத் தடுத்து நிறுத்தியதற்கு இந்த உறுத்தலும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே விடுபட்டுப் போனது நான்கு ஓட்டங்கள் அல்ல. ஒரு மனிதர், ஓர் அணி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. விடுபட்டதும் மறதியால் அல்ல.

கேப் டவுனின் 'மலாய்' அணி

ஆப்பிரிக்காவின் தென்கோடியில் 'மலாய்க்காரர்கள்' என்று ஒரு சமூகம் வாழ்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652 இல் கேப் முனையில் தன் குடியேற்றத்தை அமைத்தது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்தும், இலங்கையிலிருந்தும், மடகாஸ்கரிலிருந்தும் மக்கள் அடிமைகளாக அங்கே கப்பலேற்றப்பட்டார்கள். டச்சுக்காரர்களை எதிர்த்தவர்கள் கைதிகளாக நாடு கடத்தப்பட்டார்கள். மக்காசாரின் ஷேக் யூசுப் 1694 இல் அப்படிக் கொண்டு வரப்பட்டவர்தாம். இவர்களின் வழிவந்த முஸ்லிம்களை, முன்னோர் எந்தக் கரையில் கப்பலேறியிருந்தாலும், 'மலாய்' என்ற ஒரே பெயரால் கேப் டவுன் அழைத்தது.

தாய்மொழி தேய்ந்தாலும் சில சொற்கள் தேயவில்லை. அங்கே வாழைப்பழத்திற்குப் பெயர் 'பீசாங்'. நன்றி சொல்ல 'திராமகாசி'. பழத்தில் செய்யும் ஒரு புளிப்பு இனிப்புச் சட்னிக்கு 'பிளாட்சாங்' என்று பெயர். அதன் மூலம் நம் சமையலறையில் இருக்கும் அதே பெலாச்சான். நம் பாசார் மாலாமில் காதில் விழும் சொற்கள் அட்லாண்டிக் கடலோரத்திலும் ஒலிக்கின்றன என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

பிரிட்டிஷ் ஆட்சியில் 1834 இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. புதிய எஜமானர்களின் விளையாட்டையும் இந்த மக்கள் கற்றுக்கொண்டார்கள். வெள்ளையர் கழகங்கள் அவர்களைச் சேர்க்கவில்லை. எனவே தங்களுக்கென்று கழகங்கள் அமைத்து ஆடினார்கள்.

1892 மார்ச் மாதம் வால்டர் ரீட் தலைமையிலான இங்கிலாந்து அணி கேப் டவுன் நியூலண்ட்ஸ் திடலுக்கு வந்தது. வெள்ளையர் மட்டுமே அடங்கிய தென்னாப்பிரிக்க அணி அவர்களோடு மோதி, இரண்டு இன்னிங்ஸ்களிலும் நூறு ஓட்டங்களைக்கூட எட்டாமல் படுதோல்வி அடைந்தது. அது இன்று 'டெஸ்ட்' போட்டி என்று பதிவேட்டில் இருக்கிறது. அதே மாதம், அதே திடலில், அதே இங்கிலாந்து அணியோடு பதினெட்டு பேர் கொண்ட மலாய் அணியும் ஆடியது. பலவீனமான அணிக்குக் கூடுதல் ஆட்களைக் கொடுப்பது அக்கால வழக்கம். மலாய் அணி தோற்றது. ஆனால் சம்சோதீன் என்பவர் அரைசதம் அடித்தார். ஒரு வேகப்பந்து வீச்சாளர் 50 ஓட்டங்கள் கொடுத்து நான்கு விக்கெட்டுகளைச் சாய்த்தார். அவர் பெயர் ஹென்ட்ரிக்ஸ். எல்லாரும் அவரைக் 'க்ரோம்' ஹென்ட்ரிக்ஸ் என்று அழைத்தார்கள்.

கூடம் கோணலா?

டச்சு மொழியில் 'க்ரோம்' என்றால் கோணல் என்று பொருள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். கேப் டவுனில் நடந்தது அதன் மறுபக்கம். ஆடத் தெரிந்தவரைக் கோணல் என்று அழைத்துவிட்டு, கூடத்தை விட்டே வெளியே நிறுத்தினார்கள்.

ஹென்ட்ரிக்ஸ் மலாய் அணியில் ஆடினாரே தவிர மலாய்க்காரர் அல்லர். கலப்பினத்தவர். தாம் மலாய் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் வெள்ளையர் பார்வையில் அந்த வேறுபாடு எதையும் மாற்றவில்லை. அவர் வீச்சின் வேகத்தை நேரில் சந்தித்த இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் வியந்தார்கள். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பந்து வீச்சாளர் ஸ்போஃபோர்த்துக்கு இணையாக அவரைப் பேசினார்கள். தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்துக்கு வருவதானால் இவரையும் அழைத்து வாருங்கள் என்பதே விருந்தாளிகளின் அறிவுரை.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 1892 டெஸ்ட் போட்டியில் இங்கிலாந்துக்காக ஆடிய ஃபெரிஸ், மர்டாக் இருவரும் அதற்கு முன் ஆஸ்திரேலியாவுக்காக ஆடியவர்கள். தென்னாப்பிரிக்காவுக்காக ஆடிய ஃபிராங்க் ஹெர்ன் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்காக ஆடியவர். அவருடைய உடன்பிறந்தோர் இருவர் அன்று எதிரணியில் நின்றார்கள். வெள்ளையராக இருந்தால் நேற்று ஒரு நாடு, இன்று ஒரு நாடு என்று சட்டையை மாற்றிக்கொள்ளலாம். கேப் டவுன்காரரான ஹென்ட்ரிக்ஸுக்கோ சொந்த ஊரின் சட்டைகூடக் கிடைக்கவில்லை. 'தேசிய அணி' என்ற சொல்லை அன்று முதல் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

1894: ஒரு கப்பலும் ஒரு மூட்டையும்

இரண்டு ஆண்டுகள் கழித்து, தென்னாப்பிரிக்க அணி முதன்முறையாக இங்கிலாந்துக்குப் புறப்படத் தயாரானது. உத்தேசப் பட்டியலில் ஹென்ட்ரிக்ஸின் பெயரும் பேசப்பட்டது. உடனே எதிர்ப்பு கிளம்பியது.

எதிர்த்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் மில்டன். 1892 டெஸ்ட் போட்டியில் தென்னாப்பிரிக்க அணியின் தலைவர். கேப் காலனியின் பிரதமராக இருந்த செசில் ரோட்ஸின் நெருங்கிய அதிகாரி. இதே மில்டன்தான் பின்னாளில் ரோட்ஸின் பெயரைத் தாங்கிய ரொடீசியாவை 1914 வரை நிர்வகித்தார். எனவே இதை ஒரு தேர்வுக் குழுவின் சில்லறைச் சண்டையாக என்னால் பார்க்க முடியவில்லை. ரோட்ஸ் ஆட்சியில் 1892 ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியை 25 பவுனிலிருந்து 75 பவுனாக உயர்த்தி, கறுப்பின, கலப்பின வாக்காளர்கள் பலரைப் பட்டியலிலிருந்து வெளியேற்றியது. 1894 இல் வந்த கிளென் கிரே சட்டம், கூலி வேலைக்குப் போகாத கறுப்பின ஆண்கள் மீது வரி போட்டது. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்கள் நீங்கிய அதே காலத்தில்தான் ஆட்டக்காரர் பட்டியலிலிருந்தும் ஒரு பெயர் நீங்கியது.

வெள்ளை அணியின் முன்னணி ஆட்டக்காரரான டான்க்ரட் தம் எண்ணத்தை மறைக்கவே இல்லை. அக்காலத்தின் தலைசிறந்த பந்து வீச்சாளரான லோமனைவிட ஹென்ட்ரிக்ஸ் சிறந்தவராக இருந்தாலும், சமமானவராக அழைத்துப் போக முடியாது என்பது அவர் நிலை. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் சங்கத்தின் முதல் செயலாளரான ஹாரி கேட்வாலடர் மட்டும் ஹென்ட்ரிக்ஸை எப்படியாவது கப்பலேற்றிவிட வேண்டும் என்று முயன்றார். பத்திரிகையாளரான அவர் ஒரு சமரசம் சொன்னார். ஹென்ட்ரிக்ஸ் ஆட்டக்காரராக வர வேண்டாம்; அணியின் மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளராக வரட்டும். தேவைப்படும்போது பந்து வீசட்டும்.

ஹென்ட்ரிக்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அந்தத் தகுதியில் செல்வதைத் தாம் நினைத்துப் பார்க்கவும் மாட்டேன் என்று மறுத்தார்.

அணி அவர் இல்லாமலேயே போனது. கேட்வாலடருக்கும் மேலாளர் பதவி கிடைக்கவில்லை. 24 போட்டிகளில் 12 வெற்றி, 5 தோல்வி. லண்டன் லார்ட்ஸ் திடலில் கிரேஸ் ஆடிய எம்.சி.சி. அணியை 11 ஓட்டங்களில் வென்றதுதான் பெரிய பெருமை. ஆனால் கூட்டம் வரவில்லை. பயணம் நஷ்டத்தில் முடிந்தது. கூட்டத்தை ஈர்த்திருக்கக்கூடிய ஒரே ஆளை அவர்கள் ஊரிலேயே விட்டு வந்திருந்தார்கள்.

பிறகு ஒரு விருந்தில் ரோட்ஸ் இதைப் பற்றி வேடிக்கையாகப் பேசியதை பெல்ஹம் வார்னர் பதிவு செய்திருக்கிறார். ஹென்ட்ரிக்ஸை அனுப்பியிருந்தால், உணவு இடைவேளையில் அவர் பூமராங் வீசிக் காட்டுவார் என்று இங்கிலாந்துக்காரர்கள் எதிர்பார்த்திருப்பார்களாம். 1868 இல் இங்கிலாந்து சென்று 47 போட்டிகள் ஆடிய ஆஸ்திரேலியப் பூர்வகுடி அணியை மனத்தில் வைத்துச் சொன்ன கிண்டல் அது. ஒரு நாட்டின் பிரதமருக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை உணவு மேசைச் சிரிப்பாகிவிட்டது.

அடுத்த இங்கிலாந்து அணி 1895-96 இல் வந்தபோதும் ஹென்ட்ரிக்ஸுக்கு வாய்ப்பில்லை. பின்னர் உள்ளூர்ப் போட்டிகளின் கதவும் சாத்தப்பட்டது.

போயிருக்கலாமே?

இந்தக் கதையை எங்கள் அணியினரிடம் ஒருநாள் ஆட்டம் முடிந்து தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். எனக்கு ஸ்கோர் புத்தகத்தைக் கொடுத்த அந்த அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவர் போயிருக்கலாம் தம்பி" என்றார்.

"மூட்டை தூக்கவா அண்ணா?"

"தூக்கினால் என்ன? கப்பலில் ஏறிவிட்டால் பாதி வெற்றி. அங்கே ஒருவனுக்குக் கால் சுளுக்கினால் பந்தை இவரிடம்தானே கொடுப்பார்கள்? ஐந்து விக்கெட் எடுத்துவிட்டால் அப்புறம் யார் தடுப்பது? கிடைத்த இடத்தில் காலை ஊன்றிக்கொள்ள வேண்டும்."

அண்ணன் சொன்னதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் கிடைத்த இடத்தில் காலை ஊன்றியதால்தான் நாம் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறோம். மறுப்பது பெருமை, ஆனால் மறுத்தவருக்குச் சோறு போடுவது யார்? ஹென்ட்ரிக்ஸ் தம் மறுப்புக்குக் கொடுத்த விலை ஒரு முழு ஆட்ட வாழ்க்கை. நூறாண்டு கழித்து நாம் கைதட்டுவது அவருக்கு எந்த விதத்திலும் ஈடாகாது.

இருந்தாலும் ஹென்ட்ரிக்ஸ் செய்ததே சரி என்பது என் கருத்து. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, அது கதவைத் திறந்த சமரசம் அல்ல. பிழைப்புக்காக மூட்டை சுமப்பதில் இழிவில்லை. ஆனால் இங்கே மூட்டை ஒரு வேலையாகத் தரப்படவில்லை, முத்திரையாகத் தரப்பட்டது. "உன் பந்து வீச்சு எங்களுக்கு வேண்டும், நீ வேண்டாம்" என்பதே அதன் பொருள். ஒப்புக்கொண்டிருந்தால் அடுத்த பயணத்திற்கும் அதுவே முன்மாதிரி ஆகியிருக்கும். நிறமுடையவரின் இடம் எது என்று கேட்டால், அவரே ஒப்புக்கொண்ட இடத்தைக் காட்டியிருப்பார்கள்.

இரண்டாவது காரணம் ஒரு ஸ்கோர் எழுதுபவனுக்கே தோன்றக்கூடியது. ஹென்ட்ரிக்ஸ் பணியாளராகப் போயிருந்தால், ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயர் இருந்திருக்காது. மூட்டை சுமந்தவர்களின் பெயரை எந்த ஸ்கோர் புத்தகமும் எழுதுவதில்லை. அவர் மறுத்தார், மறுத்ததைப் பத்திரிகையில் எழுதினார். எழுதியதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. மற்றவர்கள் தம் பெயரை எழுத மாட்டார்கள் என்று தெரிந்ததும், தம் பக்கத்தைத் தாமே எழுதிக்கொண்டவர் அவர்.

'திறமை' என்னும் சொல்

இந்த விவாதம் ஹென்ட்ரிக்ஸோடு முடியவில்லை. அவருடைய ஊரிலேயே பிறந்த கலப்பினத்தவரான பேசில் டி ஒலிவேரா, சொந்த நாட்டில் இடமில்லாமல் 1960 இல் இங்கிலாந்து சென்று, 1966 இல் இங்கிலாந்துக்காகவே டெஸ்ட் ஆடினார். 1968 இல் ஓவல் திடலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் குவித்தார். அதன்பின்னும் தென்னாப்பிரிக்கப் பயண அணியில் முதலில் சேர்க்கப்படவில்லை. கார்ட்ரைட் காயத்தால் விலக, டி ஒலிவேரா சேர்க்கப்பட்டார். அவர் வந்தால் அந்த அணியை ஏற்க முடியாது என்றார் பிரதமர் ஃபோர்ஸ்டர். பயணமே ரத்தானது. இரண்டு ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கா அனைத்துலகக் கிரிக்கெட்டிலிருந்து விலக்கப்பட்டது.

1971 இல் வெள்ளையர் கிரிக்கெட் சங்கம் ஆஸ்திரேலியப் பயணத்திற்கு வெள்ளையர் அல்லாத இருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முன்வந்தது. அரசாங்கம் மறுத்தது. நியூலண்ட்ஸில் வெள்ளை ஆட்டக்காரர்களே ஒரே ஒரு பந்து வீசிவிட்டுத் திடலை விட்டு வெளியேறிக் கண்டனம் தெரிவித்தார்கள். ஆனால் வெள்ளையர் அல்லாதோரின் கிரிக்கெட் வாரியத்தை வழிநடத்திய ஹசன் ஹோவா அந்த 'இரண்டு இடங்களை' விரும்பவில்லை. ஒப்புக்கு இருவர் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே திடல், ஒரே பயிற்சி, ஒரே அளவுகோல் வேண்டும் என்றார். இயல்பற்ற சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்பது அவருடைய இயக்கத்தின் முழக்கம். 1894 இல் நீட்டப்பட்ட மூட்டைதான் 1971 இல் கொஞ்சம் அழகான உறையில் நீட்டப்பட்டது. அதே ஊர்க்காரர் அதையும் மறுத்தார்.

"எங்களுக்குத் திறமைதான் முக்கியம்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு டான்க்ரட்டின் நினைவு வருகிறது. லோமனைவிடச் சிறந்தவராக இருந்தாலும் வேண்டாம் என்று சொன்னவர்களின் நாடு அது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அதே இடத்தில், நிறத் தடை நீங்கிய மறுநாளே "இனித் திறமையை மட்டும் பார்ப்போம்" என்ற குரல் எழுந்தது. திறமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திறமையை அளக்கும் கோல் யார் கையில் இருந்தது, திடலும் பயிற்சியும் யாருக்குக் கிடைத்தன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். படிப்பானாலும் வேலையானாலும் இந்தக் கேள்வி எந்த நாட்டிலும் பொருந்தும். நம்மைவிட எளிய நிலையில் உள்ளவர்களை நாம் அளக்கும்போதும் பொருந்தும்.

திருத்தக்கூடிய புத்தகம்

பதிவேடு கல்வெட்டல்ல. தென்னாப்பிரிக்காவின் முதல் டெஸ்ட் என்று சொல்லப்படும் 1889 ஆட்டம், ஆடப்பட்டபோது டெஸ்ட் என்று அழைக்கப்படவில்லை. பிற்காலத்தவர் திரும்பிப் போய் அந்தப் பட்டத்தைக் கொடுத்தார்கள். அப்படியானால் மற்றவர்களுக்காகவும் திரும்பிப் போகலாம் அல்லவா? போயிருக்கிறார்கள். ஹோவாவின் வாரியம் 1971-72 முதல் நடத்திய மாநிலப் போட்டிகளுக்கு, நிறவெறி ஆட்சி வீழ்ந்த பிறகு, முதல்தரத் தகுதி அளிக்கப்பட்டது. மண் திடல்களிலும் மேடு பள்ளங்களிலும் ஆடியவர்களின் ஓட்டங்கள் இன்று பதிவேட்டில் உள்ளன. ஹென்ட்ரிக்ஸைப் பற்றியும் 2020 இல் ஆய்வாளர்கள் இருவர் ஒரு முழு நூலே எழுதினார்கள்.

2025 ஜூன் மாதம் லார்ட்ஸ் திடலில் உலக டெஸ்ட் வாகைப் போட்டியின் இறுதியாட்டம். ஆஸ்திரேலியாவை 5 விக்கெட்டுகளில் தென்னாப்பிரிக்கா வென்றது. அணித் தலைவர் டெம்பா பவுமா, கேப் டவுனின் லாங்காவில் பிறந்த கறுப்பினத்தவர். ஒதுக்கீட்டில் வந்தவர் என்று பல ஆண்டுகள் ஏளனம் செய்யப்பட்டவர். தொடைத் தசை பிடித்துக்கொள்ள, நொண்டிக்கொண்டே ஓடி 66 ஓட்டங்கள் எடுத்தார். ஹென்ட்ரிக்ஸ் இல்லாத அணி அதே லார்ட்ஸில் ஆடி 131 ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் அன்று விடுதித் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே, ஒரு தாளில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் எங்கள் பழைய ஸ்கோர் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மழை பெய்த அந்த நாளின் பக்கத்தில், 46 என்ற எண்ணை அழிக்காமல், ஓரத்தில் சிறிய எழுத்தில் நடந்ததை எழுதி, நண்பர் பெயருக்கு எதிரே நான்கு ஓட்டங்களைச் சேர்த்துக் கையெழுத்திட்டேன். அவர் பார்த்துவிட்டு, "இப்போதாவது எழுதினாயே" என்றார்.

நண்பர்களே, உங்கள் கையிலும் ஏதோ ஒரு புத்தகம் இருக்கும். வகுப்புப் பதிவேடாக இருக்கலாம்; சங்கத்தின் கூட்டக் குறிப்பாக இருக்கலாம்; நாளை ஓர் அலுவலகத்தின் தேர்வுப் பட்டியலாகவும் இருக்கலாம். அதில் விடுபட்டவர் யார் என்று ஒருமுறை பாருங்கள். விட்டது நாமாக இருந்தால், ஓரத்தில் எழுதவாவது இடம் இருக்கும்.